இறந்த நிலம் எது?

கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அது உரியது என்னும் விதி ஃபிக்ஹு நூல்களில் பெயர் பெற்றது. அத்தகைய நிலத்தை ‘மவாத்’, அதாவது இறந்தது, என்று அந்நூலார் அழைத்தனர். அதை உயிர்ப்பிக்க ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). வேண்டுவதில்லை என்றனர் அவர்தம் மாணவர் இருவர். ஆயினும் ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நாடும் நிலம், எத்துணை வெறுமையாகத் தோன்றினும், இறந்ததாகாது என்று கொண்டனர். ஊரின் எல்லையில் நின்று உரத்துக் கூவினால் குரல் எட்டாத தொலைவில் இருப்பதே மவாத் என அளவையும் வகுத்தார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்).

இவ்வளவையை மும்பையின் கீழைக் கடற்கரையில் வைத்துப் பார்க்க விழைகிறோம். 1873இல் துறைமுக நிர்வாகம் அமைந்தது. 1875இல் சசூன் டாக், 1880இல் பிரின்ஸஸ் டாக் என்று துறைகள் பெருகின. 1989இல் எதிர்க்கரையில் நவசேவாத் துறைமுகம் திறக்கப்பட்டதும் சரக்கு அங்கே சென்றது, கிட்டங்கிகள் வெறிச்சோடின. ஏறத்தாழ 1,800 ஏக்கர் துறைமுக நிலத்தை என்ன செய்வதென்று ஆராய 2014இல் மத்திய அரசு ராணி ஜாதவ் தலைமையில் குழு அமைத்தது. 2018இல் வரைவுத் திட்டமும் வெளிவந்தது. பூங்கா, நடைபாதை, படகுத்துறை எல்லாம் பேசப்பட்டன. அதன் பெரும்பகுதி இன்றளவும் ஏட்டிலேயே இருக்கிறது.

கட்டப்படாத திட்டம் எவரையும் துன்புறுத்துவதில்லை என்று நினைப்பது பிழை. தரிசைச் சுற்றிக் கல் நட்டு அடையாளமிடுவதை ‘தஹ்ஜீர்’ என்பர். கல் நட்டவனுக்கு உடைமை வந்துவிடாது. பிறரை விலக்கும் முன்னுரிமை மட்டுமே உண்டு. மூன்றாண்டுக்குள் உயிர்ப்பிக்காவிடில் அதுவும் அற்றுப்போம் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. வரைபடமும் ஒருவகைக் கல்லே! தாருகானாவில் கப்பல் உடைத்துப் பிழைத்தோரும் கிட்டங்கிச் சுவரோரம் குடிசை கட்டியோரும் அக்கல்லுக்குள்ளே வாழ்கின்றனர். நிலம் மத்திய அரசைச் சார்ந்ததாதலின் மாநிலத்தின் குடிசை மாற்றுத் திட்டம் அவர்களை எளிதில் எட்டுவதில்லை. புதிய கரையோ வரவில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுறை ஒன்று வளர்ந்துவிடுகிறது.

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டிற்குச் செல்லும் அயலான் உழாத புலம் ஒன்றைக் கண்டால் கைவிடப்பட்டது என்றே கருதுவான். அவ்வூர்ப் பெரியவரைக் கேட்டால், அது யார் புலம், சென்ற பட்டத்தில் சாமை விளைந்ததா, மரவள்ளி நட்டதா, ஏன் ஓய்கிறது என்று சொல்லிவிடுவார். வரைபடம் தீட்டுவோர் அப்பெரியவரைத் தேடுவது அரிது.

அப்படியாயின் வரையவே கூடாதா? அங்ஙனம் சொல்லமாட்டோம். அதே நகரின் பஞ்சாலை நிலங்களைக் கருதுக. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு என்றது 1991ஆம் ஆண்டு விதி. சிதறிய பங்குகளை ஒன்றுசேர்த்துப் பயனுள்ள பொதுவெளிகளாக்கும் வழியை 1996இல் சார்லஸ் கொரியா குழு வரைந்து காட்டியது. 2001இல் விதி திருத்தப்பட்டது: கட்டடம் நின்ற இடம் கணக்கில் வாராது, வெற்றிடம் மட்டுமே பங்கிடப்படும்! ஆலைகளில் வெற்றிடம் எவ்வளவு இருக்கும்? திருத்தம் செல்லும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கொரியாவின் வரைபடம் கட்டப்படவில்லை. எனினும் மக்களுக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதற்கு அது சாட்சியாய் நிற்கிறது.

ஆகவே வரைபடம் கல்லா, சாட்சியா என்பதை அது யாரைக் கணக்கிலெடுத்தது என்பதைக் கொண்டே நாம் அளக்கிறோம். தாருகானாவை வெண்ணிறமாய் விட்டுப் பூங்கா வரைந்த தாள் கல்லேயாம். 2014இலிருந்து மூன்றாண்டுக் கெடுவும் பன்முறை கழிந்தது. சசூன் டாக்கிலோ விடியுமுன் மீன் ஏலம் கூவுகின்றனர். அக்குரல் அடுத்த கிட்டங்கிக்கும் அப்பால் கேட்கிறது.