விலைபோகும் ஓய்வுநாள்

ஓய்வு என்பது உழைப்புப்போக எஞ்சும் மிச்சமா, அன்றி மனிதருக்கு இயல்பாகவே உரிய பங்கா? சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு இவ்வினா 100 வெள்ளிப் பற்றுச்சீட்டின் உருவில் வந்து நின்றது.

கொவிட்-19 பெருந்தொற்றால் வெளிநாட்டுப் பயணங்கள் நின்றன, ஹோட்டல்கள் வெறிச்சோடின. 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உள்நாட்டுச் சுற்றுலாவுக்கென 100 வெள்ளி வழங்க அரசு முன்வந்தது. திட்டத்தின் மதிப்பு 32 கோடி வெள்ளி. செல்வர்க்கும் 100, எளியோர்க்கும் 100. தோற்றத்தில் இது சமத்துவமே. ஆயினும் அச்சீட்டைக் கொண்டு ஹோட்டலில் தங்கலாம், கேளிக்கைத் தலங்களுக்குச் செல்லலாம். உணவங்காடியில் ஒருவேளை உணவு வாங்க இயலாது. சுற்றுலாத் தொழிலையும் அதன் ஊழியரையும் காக்க எழுந்த திட்டம் அது, நோக்கம் நல்லதே. வருவாய் சுருங்கிய குடும்பத்திற்கு அவ்வாண்டில் முதற்கண் வேண்டியிருந்தது நுழைவுச்சீட்டுத்தானா என்பதே கேள்வி.

விடுமுறைக்குப் பணத்தினும் முதன்மையானது பொழுது. நெருக்கடி வருங்கால் வசதியுள்ளோர் பயணத்தைச் சுருக்குவர். எளியோரோ ஓய்வுநாளையே விற்பர். தேக்காவின் ஞாயிற்றுக்கிழமையைக் காண்போர் இதனை உணர்வர். சிராங்கூன் சாலையில் ஒரு தேநீர், ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை, புல்வெளியில் நண்பரோடு சில மணி நேரம்: வெளிநாட்டு ஊழியர் பலருக்கு உள்ளூர்ச் சுற்றுலா இதுவே. செலவு சிறிதுதான், ஆனால் மிகுதிநேர ஊதியத்தை இழந்தல்லவா அப்பொழுதைப் பெறவேண்டியுள்ளது! குடிமக்களுக்கான பற்றுச்சீட்டு இவர்களைச் சாரவில்லை. 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளுக்குள் முடக்கப்பட்டோருள், வாரத்திற்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் சில மணி நேரம் சென்றுவரும் முன்னோட்டத் திட்டம் 2021 செப்டம்பரில்தான் தொடங்கிற்று.

இல்லப் பணிப்பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. 2013 முதல் அவர்களுக்கு வார ஓய்வுநாள் சட்டப்படி உண்டு. உடன்பாட்டின்பேரில் அந்நாளுக்கு ஈடாக ஊதியமும் பெறலாம். கடன் சுமந்து வந்தவர் எதனைத் தேர்வார்? 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஓர் ஓய்வுநாளையேனும் பணமாக மாற்ற இயலாது என விதி வந்தது. தம் நாளைத் தாமே விற்க விரும்புவோரைத் தடுப்பது முறையோ எனச் சிலர் வினவலாம். அவ்விருப்பத்தைப் பேசுவது அவரா, அவர்தம் கடனா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆகவே விதி தகுந்ததே. மாதத்தின் பிற ஓய்வுநாள்களை ஊதியத்திற்கு மாற்றிக்கொள்ள இன்றும் இடமுண்டு.