தற்காப்பும் தண்டனையும்

மனிதன் தனக்கென ஒரு கூரையை அமைத்துக்கொண்ட நாள்தொட்டு, அக்கூரையின் கீழ் உறங்கும் மனைவி மக்களைக் காப்பது தன் முதற்கடன் என்று கருதி வந்திருக்கிறான். அக்கடனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அக்காவல் எதுவரையிற் செல்லலாம், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்னும் வினா எழும்போதுதான் மக்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். நள்ளிரவில் பூட்டுடைத்துப் புகுந்தவனை வீட்டுக்காரர் வெட்டிச் சாய்த்தார், போலீஸார் வீட்டுக்காரரையே கைது செய்தனர் என்று ஒரு செய்தி வந்தால் போதும். காப்பிக் கடை முதல் கோயில் வாசல் வரையில் விவாதம் தொடங்கிவிடும்.

ஒரு சாரார் கூறுவது இது: “அழையாத வீட்டில் இருளில் நுழைந்தவன் தன் உயிரைத் தானே பணயம் வைத்தவன். அவனுக்காகக் கண்ணீர் வடிப்பது நல்லோர்க்கு இழைக்கும் அநீதி.” மற்றொரு சாரார் கூறுவது இது: “பொருள் போனால் தேடிக்கொள்ளலாம், உயிர் போனால் மீளாது. ஆதலால் கொலைக்கு எக்காரணமும் நியாயமாகாது.” இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் சட்டம் கூறுவதென்ன என்பதை அறிதல் நலம். மலேசியாவில் இன்று வழங்கும் தண்டனைச் சட்டம், மெக்காலே தலைமையில் 1837-இல் இந்தியாவிற்கென வரையப்பட்டு, 1860-இல் அங்கே நிறைவேறி, 1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஏற்கப்பட்ட சட்டத்தின் வழிவந்ததாகும். அதன் 96 முதல் 106 வரையிலுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை விளக்குகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருக்கும் மனைக்குத் தீ வைத்தல் ஆகியவற்றை எதிர்க்குங்கால், அவ்வுரிமை உயிரைப் போக்கும் அளவிற்கும் செல்லலாம் என்று 103-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயின் 99-ஆம் பிரிவு அதற்கு ஒரு வேலி கட்டியிருக்கிறது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமை இல்லை; காவலுக்கு எவ்வளவு தீங்கு அவசியமோ அதற்கு மேல் செய்யவும் உரிமை இல்லை. நல்லெண்ணத்தோடு, முன்கூட்டிய திட்டமின்றி, அவ்வேலியைத் தாண்டிக் கொன்றவனைக் கொலைகாரன் என்னாமல், அதனினும் குறைந்த குற்றத்திற்கே சட்டம் உள்ளாக்குகிறது.

ஆகவே, “நம் சட்டம் திருடனுக்கே துணை” என்று சிலர் கூறுவது அறியாமையாகும். கைது என்பது தீர்ப்பன்று. ஓர் உயிர் போயிருக்கும்போது, அது எவ்வாறு போயிற்று என்று விசாரியாத சர்க்கார் சர்க்காராகாது. கோவலனைக் கள்வன் என்று சொன்ன ஒரு சொல்லே போதுமென்று கருதி, விசாரணையின்றி அவன் உயிரைப் போக்கியதன்றோ பாண்டியன் செய்த பிழை? அப்பிழை தெரிந்த கணமே அரசன் உயிர் நீத்தான் என்று இளங்கோவடிகள் பாடிய காப்பியத்தைப் போற்றும் நாம், விசாரணை என்னும் சொல்லைக் கேட்டு வெகுளலாமா?

இனி நியாயத்தைப் பார்ப்போம். இரவில் புகுந்தவனுக்கும் பகலில் புகுந்தவனுக்கும் பழைய சட்டங்களே வேற்றுமை கண்டன. இரவில் வந்த திருடன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை, சூரியன் உதித்த பின்னாயின் பழியுண்டு என்பது யூதர் வேதத்தின் யாத்திராகமம் கூறும் விதி. உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல இடந்தந்தது. இருளில் வந்தவன் கையில் கத்தி இருக்கிறதா, அவனுக்கு வேண்டியது பணமா உயிரா என்று வீட்டுக்காரன் அறிய முடியாது. அச்சத்தால் நடுங்குபவன் தராசு பிடித்து நிறுத்து அடிக்க வேண்டும் என்பது, ஆபத்தைக் கண்ணால் காணாதவர் கூறும் புத்திமதி. இம்மட்டும் முதற்கட்சியார் பக்கமே நியாயம் நிற்கிறது.

ஆனால் தற்காப்பு வேறு, தண்டனை வேறு. தற்காப்பு என்பது வரும் தீங்கைத் தடுப்பது. தண்டனை என்பது செய்த தீங்கிற்குப் பதில் செய்வது. முன்னது வீட்டுக்காரனுக்கு உரியது. பின்னது நீதிமன்றத்திற்கு உரியது. திருக்குறள் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. கொடியோரைக் களையெடுக்கும் பொறுப்பைப் பற்றிப் பேசும்போதோ, அதனைச் செங்கோன்மை என்னும் அரசனுடைய அதிகாரத்தில் வைத்தது. இல்லறத்தானுடைய கையில் வைக்கவில்லை. திருட்டுக்கு எந்த நீதிபதியும் மரண தண்டனை விதிக்க முடியாத நாட்டில், திரும்பி ஓடும் திருடனைத் துரத்தி வெட்டும் உரிமை குடிமகனுக்கு எங்கிருந்து வரும்? வீடுடைத்துப் புகுந்தவன் விஷயத்தில் தற்காப்புரிமை அவன் வீட்டினுள் இருக்கும் வரையிலேயே நீடிக்கும் என்று 105-ஆம் பிரிவு கூறுவது இக்கருத்தைத் தழுவியதே.

இவ்வேற்றுமையை விளக்க ஓர் உதாரணம் போதும். இங்கிலாந்தில் நார்போக் மாகாணத்தில், 1999 ஆகஸ்டில், தனித்து வாழ்ந்த குடியானவர் ஒருவர் இரவில் தம் வீட்டினுள் புகுந்த இருவரைத் துப்பாக்கியால் சுட்டார். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். 2000-இல் ஜூரிகள் அவரைக் கொலைக் குற்றவாளி என்றனர். 2001-இல் மேல்நீதிமன்றம், மனநிலைக் குறைவைக் காரணங்காட்டிக் குற்றத்தைக் குறைத்தது. 2003-இல் அவர் விடுதலையானார். நாடே இரண்டுபட்டு வாதாடியது. 2013-இல் அந்நாட்டார் சட்டத்தைத் திருத்தி, வீட்டினுள் புகுந்தவனை எதிர்ப்பவர் செய்தது முற்றிலும் மிதமிஞ்சியதாயிருந்தாலன்றி நியாயமானதெனக் கொள்ளப்படலாம் என்றனர். எனினும் அவர்களும் வேலியை அகற்றவில்லை. அதனைச் சற்றுத் தள்ளி நட்டனர்.

வேலியை மிகவும் தளர்த்தினால் விளைவது என்ன? அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தில், 1992 அக்டோபரில், விருந்துக்குச் சென்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன் வீட்டை மாறிப்போய்த் தவறான கதவைத் தட்டினான். அசையாதே என்று வீட்டுக்காரர் அதட்டியது அவனுக்கு விளங்கவில்லை. சுடப்பட்டு இறந்தான். 1993-இல் ஜூரிகள் வீட்டுக்காரரை விடுதலை செய்தனர். மறு ஆண்டில் சிவில் நீதிமன்றமோ அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. திருடன் என்று எண்ணிக் கொல்லப்படுபவன் எப்பொழுதும் திருடனாகவே இருப்பதில்லை.

இதனை நான் நூலில் மட்டும் கற்றதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழையிரவில், தோட்டத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. பின்கதவு இடிபடும் ஓசை கேட்டு விழித்தேன். மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். நான் பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றேன். தாழ்ப்பாள் பெயர்ந்து விழ, ஓர் உருவம் உள்ளே வந்தது. கத்தியை ஓங்கிவிட்டேன். அக்கணத்தில் அவ்வுருவம் தன் மனைவியின் பெயரைச் சொல்லி, “கதவ ஏன் தாழ் போட்டே?” என்று முணுமுணுத்தது. செம்பனைக் குலை வெட்டும் அண்டை வீட்டு முதியவர் அவர். மதுவின் மயக்கத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகளின் வரிசையில் தம் வீடென்று என் வீட்டை இடித்திருந்தார். அவர் வாய் திறக்க இன்னும் ஒரு விநாடி தாமதித்திருந்தால் என் கை இறங்கியிருக்கும்.

அதன்பின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 98-ஆம் பிரிவில் ஏறக்குறைய இதே காட்சி உதாரணமாக நின்றது. இரவில் தனக்கு உரிமையுள்ள வீட்டினுள் ஒருவன் நுழைகிறான். மற்றொருவன் அவனை வீடுடைப்பவன் என்று நல்லெண்ணத்தோடு தவறாக நம்பித் தாக்குகிறான். தாக்கியவன் குற்றவாளியல்லன், ஆயினும் தாக்கப்பட்டவனுக்கும் எதிர்த்து நிற்கும் உரிமை முழுமையாக உண்டு. குற்றமற்ற இருவர் ஒருவரையொருவர் கொல்லச் சட்டம் இடந்தருகிறது! இது சட்டத்தின் குறையன்று, அதன் எல்லை. முதியவருக்கு என் வீட்டில் உரிமை இல்லையெனினும், நீதிபதி என்னை விடுவித்திருக்கவும் கூடும். மறுநாட்காலை “கிராணி ஐயா, மன்னிக்கணும்” என்று கூறிப் புதுத் தாழ்ப்பாளோடு வந்து நின்றாரே, அவர் இல்லாத வீட்டின் முன் நான் எவ்வாறு நடப்பேன்? சட்டம் மன்னிப்பது எல்லாவற்றையும் மனச்சாட்சியும் மன்னிக்கும் என்று எண்ணுவது பேதைமை.

ஆதலால் நான் வேண்டுவது இதுவே. தற்காப்புரிமை இன்றுள்ளபடியே இருக்கட்டும். அதனைக் குறைக்கவும் வேண்டாம், கொலைக்கு முன்கூட்டிய மன்னிப்புச் சீட்டாக விரிக்கவும் வேண்டாம். சீர்திருத்தம் வேண்டுவது நம் பழக்கத்தில். பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே கூடி அடிப்பதைத் தற்காப்பென்று கூறுவது வெட்கக்கேடு. கட்டுண்டவனால் யாருக்கு என்ன ஆபத்து? அது வீரமன்று, கூட்டத்தின் பின் ஒளிந்த கோழைத்தனம். அக்கைகள் விளக்கில்லாத வழிக்கு விளக்குக் கேட்டு மனு எழுதட்டும். அண்டை வீட்டில் கூக்குரல் கேட்டால் கதவைத் திறந்துகொண்டு ஓடட்டும். இளைஞரைக் களவுக்குத் தள்ளும் குடியையும் வேலையின்மையையும் ஒழிக்க முன்வரட்டும்.

என் வீட்டுப் பின்கதவில் இப்பொழுது உறுதியான தாழ்ப்பாளும் ஒரு விளக்கும் இருக்கின்றன. கத்தியும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனை எடுக்கவேண்டிய இரவு மீண்டும் வராதென்று நான் சொல்ல மாட்டேன். வந்தால் எடுப்பேன், ஆனால் ஓங்குவதற்கு முன், ஒரு மூச்சளவு நேரமேனும் கிடைக்குமாயின், “யாரது?” என்று உரக்கக் கேட்பேன்.