பார்வை என்னும் சொல்

சென்ற தை மாதத்தில் என் தங்கை மகன் சென்னையிலிருந்து கடமலைக்குண்டுக்கு வந்திருந்தான். அவனும் நண்பர் மூவரும் மேகமலைக் காட்டிற்குப் பறவை காணச் செல்ல எண்ணி, அதற்கான ஏற்பாட்டை என் வீட்டுத் திண்ணையிலேயே வகுத்தனர். கண்டமனூர் வழியாகத் தேனி, அங்கிருந்து சின்னமனூர், அதன்பின் 18 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் வண்டியை விடமாட்டார்கள். மழை பிடித்துவிட்டால் அட்டைக்கடி தாங்காது. யாவும் முறையாகவே பேசப்பட்டன. இறுதியாக, உள்ளங்கையளவு ஒலிபெருக்கி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். தீக்காக்கையின் குரல் பதிவாகித் தன் கைப்பேசியில் இருப்பதாகவும், அதனை இதன்வழி ஒலிக்கவிட்டால் போதும் என்றும் சொன்னான். "நாம தேட வேண்டியதில்லை மாமு, அது தானா வந்துடும்" என்றான்.

தானாகவா வருகிறது? அக்குரல் அப்பறவைக்குச் சொல்வது யாது? 'உன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டான்' என்பதே. தை முடிந்து மாசி பிறக்கும் காலம் தீக்காக்கை கூடமைக்கும் காலம். உளுத்த மரத்தைக் குடைந்து முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும் பறவை அது. மணிக்கணக்கில் கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் இயல்பினது. அத்தகைய உயிர் இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத பகைவனைத் தேடி வந்து நிற்கிறது. நாம் அதன் சிவந்த மார்பைக் கண்டு 'சுப்ஹானல்லாஹ்' என்கிறோம்!

மதரஸாக்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி ஒன்றுண்டு. ஒரு நபிமொழியைக் கேட்டறிய நெடுந்தொலைவு பயணம் செய்த அறிஞர் ஒருவர் (இமாம் புகாரியின் பெயராலேயே பெரும்பாலும் இதனைக் கூறுவர்), அம்மொழியை அறிந்தவர் தப்பியோடிய தம் குதிரையை மேலங்கியின் மடியை விரித்துக் காட்டி அழைப்பதைக் கண்டார். மடியில் தானியம் உண்டா என வினவினார். இல்லை என்றார் மற்றவர். வாயில்லா உயிரிடம் பொய்யுரைப்பவரின் வாயிலிருந்து நபிமொழியைப் பெறமாட்டேன் என்று அறிஞர் வந்த வழியே திரும்பினார். இவ்வளவே செய்தி. நான் இதைப் பல்லாண்டுகள் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கதையின் குதிரையைத்தான் எண்ணினேனேயன்றி, என் சிறுபருவத்துக் கவுதாரியை எண்ணினேனில்லை.

அக்காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவருடன் இலவந்தோப்பு ஓரத்தில் கவுதாரி பிடிக்கச் சென்றிருக்கிறேன். கூண்டிலிட்ட பழக்கிய கவுதாரி கத்தும். காட்டுக் கவுதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் விழும். அவ்வாறு பழக்கிய பறவைக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். காண்பதற்கும் பார்வை என்று பெயர். ஏய்த்து அழைக்கும் உயிருக்கும் பார்வை என்று பெயர்! மொழி இவ்விரண்டையும் ஒரு சொல்லில் வைத்திருப்பது என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. மார்க்கம் உணவுக்காக வேட்டையை அனுமதித்துள்ளது. வேட்டையில் சூழ்ச்சியும் உண்டு. கொல்பவனுக்கு இசைந்த சூழ்ச்சி, கொல்லாமல் கண்டு மகிழ்பவனுக்கு மட்டும் குற்றமாவது எங்ஙனம்? நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். வேட்டைக்காரனின் சலுகை அவனது தேவையால் வந்தது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் அதனாலன்றோ? ஆகவே கேட்க வேண்டியது கொலையா, காட்சியா என்பதன்று. தேவையா, அன்றா என்பதே. அரிய பறவைகளைக் கணக்கெடுத்துக் காக்க முயலும் ஆய்வாளர் பதிவொலியை அளவோடு பயன்படுத்தினால் அங்கே தேவை உண்டு. விடுமுறைக்கு வந்தவருக்கு இருப்பது அவசரம்.

காண்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. வானில் சிறகு விரிக்கும் பறவைகளை நோக்கித் திருமறை நம் கண்களைத் திருப்புகிறது. பம்பாயில் பிறந்த சாலிம் அலி (1896–1987) சிறுவயதில் சுட்டு வீழ்த்திய, தொண்டையில் மஞ்சள் படிந்த ஒரு குருவியின் பெயரை அறியப் புகுந்துதான் பறவையியலுக்கே வந்தார். அவர் பெயர் எங்கள் மலையில் நிலைத்திருப்பதோ ஒரு வௌவாலின்மீது! 1948-இல் ஹைவேவிஸ் மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த பழந்தின்னி வௌவால், வேறோர் இனமெனத் தவறாகக் கருதப்பட்டு அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972-இல்தான் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அது புதிய இனமெனக் கண்டு சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். கையில் பிடித்து வைத்திருந்தும் 24 ஆண்டுகள் எவரும் அதனைக் கண்டாரில்லை.

ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் பிவிண்டி மலைக்காட்டில் கொரில்லாக்களைக் காணச் செல்வோருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம்; அதற்குமேல் நிற்கலாகாது. அதே காட்டில் பறவை தேடுவோர் ஒலிக்கும் குரலுக்கு அத்தகைய கடிகாரம் இல்லை. 2021-இல் புலிகள் காப்பகமான எங்கள் காட்டிலும் நுழைவுக்கு விதியுண்டு. நுழைந்தபின் மனம் நடந்துகொள்ளும் முறைக்கு யார் விதி வகுப்பது?

இவற்றையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் விட்டானில்லை. "தேடி நடந்தா காடு மிதிபடும் மாமு. கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். எது கெடுதல் குறைவு?" என்றான். நேர்மையான கேள்வி. முழுமையான விடை என்னிடம் இல்லை. நடக்க வேண்டாம், சாலையோரம் பழுத்த அத்திமரம் ஒன்றின் எதிரே தள்ளி உட்காருங்கள், இருவாச்சியாவது வரும் என்றேன். பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்ட பேடைக்கு ஆண் அத்திப்பழம் சுமக்கும் காலம் அது; வந்தால் பின்தொடர்ந்து பொந்தைத் தேட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

ஒலிபெருக்கியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். காத்திருப்பதற்கென்று இன்னொரு நாள் கூட்டிக்கொண்டனர். அறை வாடகை கூடுகிறதே என்று நண்பரில் ஒருவருக்கு என்மீது மனத்தாங்கல்.