கேட்காமல் ஏற்றிய பாரம்

உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எல்.எச்.எஸ். 1140 பி என்ற கிரகத்தில் எடை மெஷின் மேல் ஏறினால், முள் 112-ல் போய் நிற்கும். டயட்டெல்லாம் அங்கே செல்லாது!

2017-ல் கண்டுபிடித்த கிரகம் இது. 49 ஒளி ஆண்டு தூரம். பூமியைப் போல 5.6 மடங்கு நிறை, 1.73 மடங்கு ஆரம். நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு விசை வந்துவிடும்: சுமார் 1.87 மடங்கு. தன் சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை 25 நாளில் சுற்றிவிடுகிறது. ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர ராத்திரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தண்ணீர் திரவமாக இருக்கத் தோதான தூரம். அதனால் விஞ்ஞானிகளுக்கு அதன் மேல் ஒரு கண்.

போவது எப்படி? வாயேஜர்-1 வேகத்தில் போனால் எட்டரை லட்சம் வருஷம். ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால்கூட 490 வருஷம். டிக்கெட் வாங்குகிறவர் போய்ச் சேர மாட்டார். இருபதாவது தலைமுறைப் பேரப்பிள்ளைதான் இறங்கும். நடுவில் இருப்பவர்கள் கப்பலிலேயே பிறந்து, கப்பலிலேயே கண்ணை மூட வேண்டியதுதான்.

இறங்குகிற பிள்ளைக்கு என்ன காத்திருக்கு? போர் விமானி 9 மடங்கு ஈர்ப்பைத் தாங்குகிறார். ஆனால் சில விநாடிகள்தான். அங்கே தூக்கத்திலும் 1.87. இதயத்துக்கு ஓய்வில்லை. தடுக்கி விழுந்தால் அடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 'அதனாலென்ன, ஜீனைத் திருத்தி, கெட்டி எலும்புப் பிள்ளைகளாகப் பெத்துக்கலாமே' என்பார்கள். ஜீன் திருத்திய கருவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக 2018-ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி அறிவித்தார். அடுத்த வருஷமே அவருக்கு மூன்று வருஷ ஜெயில் தண்டனை.

சரி, அந்தப் பிள்ளையை யார் கேட்டது?

'எந்தப் பிள்ளையைக் கேட்டுப் பெத்தோம்?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். ஊர், மொழி, மூக்கு எதையும் கேட்டு நாம் கொடுப்பதில்லை. ஆனால் ஊர் பிடிக்காத பிள்ளை இருபது வயசில் பஸ் ஏறிப் போய்விடலாம். வேறு மொழி கத்துக்கலாம். கப்பலில் பிறந்தவனுக்கு பஸ் கிடையாது. பிள்ளைக்காக நாம் முடிவெடுப்பது தப்பில்லை. பின்னால் அது மாற்றிக்கொள்ள ஒரு வாசல்கூட விடாமல் முடிவெடுக்கிறோமே, அதுதான் தப்பு.

நம் சட்டத்துக்கு இது புரிந்திருக்கிறது. அப்பா, தாத்தா பட்ட கடனை அடைப்பது மகனின் தர்மம் என்று இந்து சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அந்தக் காரணத்தை மட்டும் வைத்து, இனி வாங்கும் கடனுக்காக மகன் மேல் வழக்குப் போட முடியாது என்று 2005-ல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கையெழுத்துப் போடாதவன் எதற்குக் கட்டணும்?

எல்.எச்.எஸ்.-க்குக் கப்பல் நம் ஆயுசில் கிளம்பாது. ஆனால் இன்று நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கு, ஆயிரம் வருஷத்துக்கு மேலும் காற்றில் இருக்கும். நாற்பது தலைமுறை! அவங்களும் இறங்க முடியாத ஒரு கப்பலில்தான் பிறக்கப் போறாங்க. அவங்க கையெழுத்தும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அந்தக் கடனைத் தள்ளுபடி பண்ண எந்த நாடாளுமன்றத்தாலும் முடியாது.