அறிவை அளக்கும் கோல்

மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரைக் குகைகள் இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய வேளையில், பிக்குகள் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம் அது என்பது மரபு. அதற்கு முன் பல தலைமுறைகளாக அப்பெருந்தொகுதி முழுவதும் மனித நினைவிலேயே வாழ்ந்தது. எழுத்து வேறு, அறிவு வேறு. இதை மறந்துவிட்ட ஓர் அளவுகோலைப் பற்றியே நாம் பேசப் புகுகிறோம்.

பார்க்கின்சன் நோயை நம் வைத்திய மரபு நடுக்குவாதம் என்று அறியும். 1817இல் அதை முறையாக விவரித்த லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், வாக்குரிமைக்காகப் போராடிய சங்கமொன்றின் உறுப்பினர். புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர். மன்னரைக் கொல்லச் சதி நடந்ததென்ற வழக்கில் 1794இல் அரசவைக் குழு முன் நிறுத்தி விசாரிக்கப்பட்டவர். அவருடைய நூலுக்கு ஆதாரமான நோயாளர் ஆறே பேர். அவர்களிலும் சிலர் தெருவில் கண்டவர்கள். இந்நோய் புலன்களையும் புத்தியையும் தொடுவதில்லை என்று அவர் எழுதினார். காலம் அதைத் திருத்திவிட்டது. சிட்னியில் இருபது ஆண்டுகள் நோயாளரைத் தொடர்ந்து கவனித்தபோது, எஞ்சியிருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆகவே புத்தி எப்பொழுது தளரத் தொடங்குகிறது என்று அறிவது வெறும் ஆராய்ச்சி ஆவல் அன்று. எந்த மருந்தைக் கொடுப்பது, எதை நிறுத்துவது, நோயாளி இடும் கையெழுத்து செல்லுமா என்பன எல்லாம் அதைச் சார்ந்திருக்கின்றன.

எப்படி அளக்கிறார்கள்? ஒரு தாளை நீட்டுகிறார்கள். உலகெங்கும் வழங்கும் அத்தகைய சோதனை ஒன்றில் முழு மதிப்பு முப்பது புள்ளிகள். கனசதுரத்தைப் பார்த்து வரையவேண்டும். கடிகாரம் வரைந்து முள்ளை நிறுத்தவேண்டும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கவேண்டும். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் என்று படத்துக்குப் பெயர் சொல்லவேண்டும். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ கற்றவருக்குக் கருணை கூர்ந்து ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். பதினோராம் வகுப்பு வரை படித்தவருக்கும் ஒரு புள்ளி. பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கும் ஒரு புள்ளி!

மாத்தளை மலையில் எழுபதைக் கடந்த தோட்டத் தொழிலாளி ஒருத்தியை இந்தத் தாளின் முன் அமர்த்திப் பாருங்கள். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். அதற்குள் அவள் கூடை சுமக்கத் தொடங்கிவிட்டாள். எந்த மலையில் எந்த வருஷம் கவ்வாத்து வெட்டினார்கள், எந்த வாரம் எத்தனை றாத்தல் கொழுந்துக்குக் கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அவள் நெஞ்சில் இருக்கின்றன. ஒப்பாரியை விடிய விடியத் தடையின்றிப் பாடுவாள். கனசதுரம் வரையமாட்டாள். பென்சிலையே பிடித்தறியாத கை. இப்போது அதில் நடுக்கமும் சேர்ந்துவிட்டது. தாள் அவளுக்குப் புத்தி தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பளிக்கும். பள்ளியை மறுத்த குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு.

இங்கேதான் மூளை அலைகளின் அளவீடு நம் கவனத்துக்கு உரியதாகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். விழித்தபடி கண்மூடி இருப்பவர் மூளையின் பின்புறத்தில் விநாடிக்கு 8 முதல் 13 வரையான அலைகள் ஓடுகின்றன. பார்க்கின்சன் நோயில் புத்தி தளரும்போது இந்த ஓட்டம் மந்தமாகி, மெதுவான அலைகள் மிகுகின்றன. 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, அதுவரை மறதி தோன்றாத 106 நோயாளரைக் கவனித்து, அலைவேகம் விநாடிக்கு 8.5க்குக் கீழே இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பதின்மூன்று மடங்கு என்று கண்டது. தலையில் மின்முனைகளை ஒட்டிப் பதிவு செய்யும் இந்தக் கருவி, மூளையைப் படம்பிடிக்கும் பெரும் பொறிகளைவிட மலிவானது. எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய் என்று அது கேட்பதில்லை.

அதற்காக இதைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். தூக்கக் கலக்கத்திலும் அலை மந்தமாகும். சில மருந்துகளாலும் ஆகும். வேறு மறதி நோய்களிலும் ஆகும். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு ஒருத்தியின் நாளையை உறுதியாகச் சொல்லிவிடாது. அலையின் வேகம் அறிவின் எடையும் அன்று. வாழ்நாளெல்லாம் தராசின் முன் நின்றவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்: கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தராசு பொய் சொல்லாமல் இருக்கலாம். அதைப் பிடித்திருப்பவன் யார் என்பதுதான் கேள்வி.

ஆயினும் இந்நோயின் ஒரு கொடுமையைக் கருதும்போது, கருவியின் பக்கமே நாம் நிற்கிறோம். நோயாளியின் முகம் இறுகுகிறது, குரல் தணிகிறது, பதில் வரத் தாமதமாகிறது. பார்ப்பவர் ‘இதற்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று முடிவு கட்டி, அவளை விலக்கிவைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். சேமலாபப் பணத்தை வாங்க யாரோ அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்துகிறார்கள். சலனமற்ற அந்த முகத்துக்குப் பின்னே அலைகள் தம் இயல்பான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது அந்தக் கோடுகள் அவள் பக்கம் சொல்லும் சாட்சியாகும்.

மறுபக்கமும் உண்டு. தளர்ச்சி வரப்போகிறது என்று கோடுகள் சொன்னால், அதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்று இல்லை. படித்த நகரவாசி அந்தச் செய்தியைக் கொண்டு உயில் எழுதுவான், கணக்கைத் தீர்ப்பான். லய அறையில் இருப்பவளுக்கு அது என்ன செய்யும்? அவளைப் பார்த்துக்கொள்ள மகள் வேலையை விட்டால் அந்த நாளுக்குப் பேர் இல்லை. அறிவிப்போடு உதவியும் வரவேண்டும்: வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, மகளுக்கு ஈடு செய்யும் கூலி, தொடர்ந்து கிடைக்கும் மாத்திரை. இவற்றை எண்ணாமல் கருவியை மட்டும் மலையேற்றுவதில் ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. மின்முனையை ஒட்டுவதற்கு முன், முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாயா என்று அவளிடம் கேட்கவேண்டும். அவள் அருகில் நிற்கும் மகனிடமோ, தோட்டத்து உத்தியோகத்தரிடமோ அல்ல, அவளிடமே, தமிழில் கேட்கவேண்டும். அந்நோயில் பதில் மெதுவாகத்தான் வரும்.