தீர விசாரித்தல்

 

நாம் ஓர் ஆலிமல்ல. சிறு பிராயத்தில் மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்ததுமே நமது கல்வி. மீதியெல்லாம் கல்லாப் பெட்டி கற்றுக் கொடுத்தது. யுத்த விஷயத்தில் கடைக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். ஆனால் காலையில் கடைக் கதவைத் திறந்து சாம்பிராணி போடு முன்னரே அந்தப் பேச்சு வந்து விடுகிறதே! இன்ன ஊரில் இன்ன விமானம் குண்டு போட்டது, ஆளில்லா விமானம் ஒன்று இன்னாரைத் தேடிப் பிடித்துக் கொன்றது என்று, வாங்க வருகிறவர்களும் விற்கிற நாமும் மாற்றி மாற்றிப் பேசுகிறோம். விமானத்தின் பெயரும் அது பறக்கும் உயரமும் நம் பையன்களுக்கு மனப்பாடம். குண்டு விழுந்த வீட்டில் இருந்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுத நினைத்தோம்.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது ஆயத்தை நம்மில் பலர் ஓதியிருக்கிறோம். நம்பத் தகாதவர் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் முதலில் தீர விசாரிக்க வேண்டும், விசாரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்தால் பின்னர் கைசேதப்பட நேரிடும் என்பது அதன் கருத்து. இது இறங்கிய சந்தர்ப்பத்தைப் பற்றித் தப்ஸீர்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அது ஒரு படையெடுப்புப் பற்றிய சம்பவம் என்பதை நம்மில் அநேகர் மறந்து விடுகிறோம்.

பனூ முஸ்தலிக் என்ற கோத்திரத்தார் இஸ்லாத்தை ஏற்றபின், அவர்களிடம் ஜகாத் வசூலித்து வரும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். (அவர் பெயரை எழுதாமல் விடுகிறோம், ஸஹாபாக்களைப் பற்றிப் பேசும்போது நாவை அடக்குவதே நமக்கு நல்லது.) அவருக்கும் அக்கோத்திரத்தாருக்கும் ஜாஹிலிய்யாக் காலத்திலே ஒரு பகை இருந்ததாம். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு அம்மக்கள் திரண்டு வெளியே வந்தார்கள். தூரத்திலிருந்து அந்தக் கூட்டத்தைக் கண்ட அவர், தம்மைக் கொல்லத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, வந்த வழியே திரும்பி விட்டார். அவர்கள் ஜகாத்தைத் தர மறுத்து விட்டார்கள் என்றும் தம்மைக் கொல்லப் பார்த்தார்கள் என்றும் மதீனாவில் போய்ச் சொன்னார். படை புறப்பட வேண்டிய நிலை வந்தது. ஒரு ரிவாயத்தின்படி, காலித் இப்னு வலீத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அவசரப்படாமல் விசாரிக்க வேண்டும் என்ற கட்டளையுடன் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இரவில் போய்ச் சேர்ந்து ஒற்றர்களை ஊருக்குள் விட்டார்கள். ஒற்றர்கள் கேட்டு வந்தது என்ன? பாங்கோசை! அம்மக்கள் வெளியே திரண்டு வந்தது தூதரை வரவேற்கத்தான்.

சகோதரர்களே! வரவேற்க வந்த கூட்டம் தூரத்திலிருந்து பார்த்தவருக்குக் கொல்ல வரும் கூட்டமாகத் தெரிந்தது. கண்ணில் பட்டதில் பொய்யில்லை. கூட்டம் வந்தது மெய்தான். பழைய பயம்தான் அதற்கு அர்த்தம் கற்பித்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தாலிபான்கள் காபூல் நகரைப் பிடித்தார்கள். நாட்டை விட்டுப் போக விமான நிலைய வாசலில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் முண்டியடித்து நின்றார்கள். 26-ந் தேதி ஐஎஸ் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவன் அந்தக் கூட்டத்தின் நடுவே தன்னை வெடித்துக் கொண்டான். ஆப்கானியர் சுமார் 170 பேரும் அமெரிக்கப் படையினர் 13 பேரும் மாண்டார்கள். குழந்தையும் குட்டியுமாக நின்றவர்களை இப்படிக் கொன்றவனுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவனை மனித குலம் முழுவதையும் கொன்றவனாக வைத்துப் பேசும் மார்க்கம் நம்முடையது.

அடுத்த தாக்குதலும் வரும் என்று அமெரிக்கருக்குத் தகவல் வந்தது. வெள்ளை நிற டொயோட்டா கொரோலா கார் ஒன்றில் வெடிமருந்து வரலாம் என்பது அந்தத் தகவலில் ஒன்று. காபூலில் வெள்ளைக் கொரோலா எத்தனை ஓடும் என்று நினைக்கிறீர்கள்? அங்கே அது சர்வ சாதாரணமான கார். 29-ந் தேதி காலை அப்படி ஒரு காரை ஆளில்லா விமானத்தின் கண் பிடித்துக் கொண்டது. ஏறக்குறைய எட்டு மணி நேரம் விடாமல் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் ஒரு கட்டடத்துக்குப் போனார். சிலரை ஏற்றினார், இறக்கினார். கனமான பாத்திரங்களைக் காரில் வைத்தார். எல்லாம் பார்க்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் கற்பிக்கப்பட்டது. சாயங்காலம் அவர் தம் வீட்டு வாசலுக்குள் காரைத் திருப்பியபோது ஹெல்ஃபயர் என்னும் ஏவுகணை வந்து விழுந்தது.

அவர் ஓர் அமெரிக்கத் தர்ம ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர். பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் ஸ்தாபனம் அது. பாத்திரங்களில் இருந்தது தண்ணீர். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அலுவலகத்தில் பிடித்துக் கொண்டு போயிருக்கிறார். மாண்டவர் பத்துப் பேர்; அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். கார் வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வரவேற்க வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

நாம் இதைப் படித்தபோது பனூ முஸ்தலிக் கூட்டத்தாரின் நினைவுதான் வந்தது.

செப்டம்பர் முதல் தேதி அமெரிக்க ராணுவத்தின் உச்சத் தளபதி, அது நியாயமான தாக்குதல் என்று சொன்னார். பிறகு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள். கூட வேலை செய்தவர்களைக் கேட்டார்கள், அலுவலகக் காமிராவில் பதிந்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் பிடிப்பது அதில் தெரிந்தது. செப்டம்பர் 17-ந் தேதி ஜெனரல் மெக்கன்ஸி என்பவர் அது தவறு என்று ஒப்புக் கொண்டார். எட்டு மணி நேரம் வானத்திலிருந்து பார்த்துத் தெரியாத சங்கதி, தரையில் நின்று நாலு பேரைக் கேட்டதும் தெரிந்து விட்டது.

அதன்பின் அவர்களே ஒரு விசாரணை வைத்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக ஒரு குழந்தை அந்தப் படத்தில் தென்பட்டதாக அதில் வெளிவந்தது. சட்டத்தை யாரும் மீறவில்லை என்றும், முன்னரே நம்பிவிட்ட ஒன்றுக்கு ஒத்ததை மட்டுமே கண்டு வந்தார்கள் என்றும் விசாரித்தவர் சொன்னார். இனிமேல் இப்படிப்பட்ட நேரத்தில், "ஒருவேளை அப்படி இல்லாதிருந்தால்?" என்று கேட்பதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் கூட இருக்க வேண்டும் என்று யோசனையும் கூறினார். நல்ல யோசனைதான். ஒருவர்மீதும் தண்டனை நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

உஸாமா இப்னு ஜைது ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சரித்திரத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. யுத்தத்தில் வாளோங்கிய சமயம் எதிரி ஒருவர் கலிமாச் சொன்னார். உஸாமா அவர்கள் வாளை நிறுத்தவில்லை. பயத்தினால்தானே சொன்னார் என்று பின்னர் நாயகத்திடம் காரணம் கூறினார்கள். அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நாயகம் அவர்கள் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கடிந்து கொண்டார்கள். அன்றுதான் தாம் இஸ்லாமானவராக இருந்திருக்கக் கூடாதா என்று உஸாமா அவர்கள் ஏங்கும் அளவுக்குக் கடிந்து கொண்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனிதரைப் பற்றியே இந்தக் கேள்வி என்றால், மைல் கணக்கான உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன கேள்வி இருக்கும்!

2017 மார்ச்சு 17-ந் தேதி இராக்கின் மோஸுல் நகரில் இதே மாதிரி இன்னொன்று நடந்தது. ஒரு வீட்டின் மாடியில் ஐஎஸ் துப்பாக்கிக்காரர் இருவர். அவர்கள்மேல் அமெரிக்க விமானம் 500 ராத்தல் குண்டு ஒன்றைப் போட்டது. கீழே ஒளிந்திருந்த ஊர் ஜனங்கள் 105 பேர் இறந்ததாக அமெரிக்க விசாரணையே சொல்லிற்று. அந்த வீட்டில் ஐஎஸ் வெடிமருந்து வைத்திருந்ததுதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள், அக்கம் பக்கத்தார் அதை மறுத்தார்கள். ஜனங்கள் தலைக்கு மேலே நின்று சுட்டவர்களின் பாவம் தனி. குண்டு போட்டவர்களுக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாதாம்.

ஆகாயத்திலிருந்து பயங்கரவாதத்தை ஒழிக்கும் முயற்சி நம் மலாயாவுக்குப் புதிதல்ல. 1948 முதல் 1960 வரை இங்கே அவசர காலம் நடந்தது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தேடிப் பிரிட்டிஷ் விமானங்களும் ஆஸ்திரேலிய விமானங்களும் காட்டின்மேல் குண்டு போட்டன. லிங்கன் என்ற பெரிய நாலு எஞ்சின் விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து எழும்பி வரும். காடோ கூரை வேய்ந்தது போல் மூடிக் கிடக்கும். குண்டில் மரம்தான் அதிகம் விழுந்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். விமானத்தால் விளைந்த பலன் வேறு வழியில் வந்தது. படையினருக்கு அரிசி இறக்கினார்கள், காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள், சரணடையச் சொல்லிக் கோடிக்கணக்கில் துண்டுத் தாள் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டி வானத்திலிருந்து கூப்பிட்டார்கள். சண்டையின் தலைவிதி தீர்ந்தது தரையில். அதிலும் நம்மைப் போன்ற கடைக்காரர்களின் கல்லா முன்னால்.

ஐந்து லட்சம் ஜனங்களைப் பெயர்த்துப் புதுக் கிராமங்களில் வேலிக்குள் குடியேற்றினார்கள். காட்டுக்குச் சோறு போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பேராக்கில் நம் பாட்டனாரின் மளிகைக் கடை அப்படிப்பட்ட பகுதியில் இருந்தது. டின் பால் விற்றால் கொடுக்கும்போதே ஆணியால் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். யார், என்ன, எவ்வளவு, அடையாளக் கார்டு நம்பர் என்ன என்று நோட்டில் எழுத வேண்டும். துளை போட்ட பால் மறுநாளைக்குத் தாங்காது; கைப்பிள்ளைக்காரிகள் அழுவார்கள் என்று பாட்டனார் சொல்வார். சட்டம் சட்டம்தான், துளை போட்டுத்தான் கொடுத்தார்.

ஒரு நாள் போலீஸ் அதிகாரி ஒருவர் அந்த நோட்டைப் புரட்டி, ஒரு பால்மரத் தொழிலாளியின் பெயரில் விரலை வைத்து, "இவன் அரிசி அதிகம் வாங்குகிறான். காட்டுக்குக் கொடுக்கிறானா?" என்று கேட்டாராம். அந்தக் காலத்தில் ஒருவரைக் காட்டிக் கொடுக்க ஒரு தலையசைப்புப் போதும். விசாரணையின்றிப் பிடித்து வைக்கச் சட்டம் இருந்தது. பாட்டனார், "துவான், எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் எத்தனை வாய் என்று போய் எண்ணிப் பாருங்கள்" என்றாராம். அதிகாரி போய் எண்ணினார். ஒன்பது பேர். நோட்டில் ஒன்றும் குறிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

இந்தக் கதையைச் சிறு வயதில் நூறு தடவை கேட்டவர்கள் நாம். கேட்டு என்ன பிரயோஜனம்? இனி எழுதப் போவது நம்முடைய குற்றம்.

2016 ஜூன் 28-ந் தேதி பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கைக்குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தது பலருக்கு ஞாபகமிருக்கலாம். ஐஎஸ் இயக்கத்தார் நம் நாட்டில் செய்த முதல் தாக்குதல் என்று அப்போது சொல்லப்பட்டது. ரமலான் கடைசிப் பத்து. எல்லோருக்கும் நடுக்கம். நம் கடைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் புதிதாக ஒரு வாலிபர் வாடகைக்கு வந்திருந்தார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். தராவீஹ் முடிந்தபின் அட்டைப் பெட்டிகளை மேலே தூக்கிப் போவார், விளக்கு விடியும் வரை எரியும். வழக்கமாக வருகிற ஒருவர் சொன்னார்: "பாய், அந்தப் பையன் சரியில்ல. பெட்டியில என்னமோ இருக்கு. எங்கிட்டக் கேட்டா அந்தக் கூட்டம்தான்."

சொன்னவர் எதையும் பார்த்தவரல்ல. நாமும் மாடியேறிப் பார்க்கவில்லை. ஸலாம் சொல்லி, "தம்பி, என்ன வியாபாரம்?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நாம் செய்தது, வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதிப் போட்டது. ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொண்டோம், நல்ல காரியம் செய்வதாக எண்ணிக் கொண்டு! கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற ஹதீதை மதரஸாவில் ஓதியவர்கள்தாம் நாம்.

மறுநாளே போலீசார் வந்து அவரைக் கூட்டிப் போனார்கள். ஒரு நாள் முழுதும் வைத்து விசாரித்து விட்டு விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விசாரித்தவர்கள் அவர்கள்தாம். பெட்டிகளில் இருந்தது அத்தர். பெருநாள் இரவுச் சந்தையில் விற்பதற்காகக் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, இரவெல்லாம் சிறு குப்பிகளில் ஊற்றி மூடி போட்டுக் கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லி விட்டார். பேசி வைத்த சந்தைக் கடையையும் வேறொருவருக்குக் கொடுத்து விட்டார்கள். பெருநாளைக்கு முன்பே அவர் பெட்டிகளோடு போய் விட்டார். எங்கே போனார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. ஷவ்வால் பிறந்த பிறகுதான் நமக்கு உறைத்தது.

காபூலில் தவறு செய்தவர்களுக்கும் நமக்கும் ஆயுதத்தில்தான் வித்தியாசம். அவர்களாவது எட்டு மணி நேரம் பார்த்தார்கள்.

தௌபா செய்தோம். ஆனால் மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னித்தாலன்றி அது தீராது என்று உஸ்தாது சொல்லித் தந்திருக்கிறார். இரண்டு பெருநாள் சந்தைகளில் அத்தர்க் கடைகள்தோறும் போய்ப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அந்த வருஷம் ரமலான் கடைசியில் அத்தர்ப் பெட்டிகளோடு இடம் மாறிப் போன ஒரு வாலிபரை நம் வாசகர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவர் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டாம். சங்கத்துக் காரியதரிசியிடம் மட்டும் தெரிவித்தால் போதும். அந்தச் சரக்குக்கு அவர் பட்ட கடன் எவ்வளவோ, அதை வைத்துக் கொண்டிருக்கிறோம். நாமே அவரிடம் போய்க் கேட்டுக் கொள்கிறோம்.