அது எங்க சந்து சார்

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு பள்ளியில், எட்டு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சொல்லிக்கொடுத்தேன். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ்காரர் தொடங்கியது அது. விக்கிப்பீடியா மாதிரிதான், ஆனால் வரைபடம். யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு செயலி உண்டு. போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அது கேள்வி கேட்கும்: இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா? பதிலைத் தட்டினால் வரைபடத்தில் ஏறிவிடும்.

"கம்பம் இருக்கு சார். பல்பு எரியாது. என்ன போடறது?"

இன்னொருத்தர் போய்ப் பார்த்தாலும் எது உண்மையோ அதைப் போடு என்றேன். சரிபார்க்க முடிந்ததை மட்டும் குறி என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி. எனக்குப் பிடித்த விதியும்கூட. மறுபடி ஓட்டினால் அதே விடை வராத எதையும் என் தொழிலில் நம்ப மாட்டோம்.

அப்போது இன்னொருத்தி கேட்டாள். "ஏழு மணிக்கு மேல அந்தச் சந்துல நாங்க போக முடியாது சார். அதை எப்படிப் போடறது?"

அன்று மாலை ஏழேகாலுக்கு அங்கே போனேன். பாதி விளக்கு எரிந்தது. ஒரு டீக்கடை, நாலு பைக், பைக் மேல் நாலு பையன்கள். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விதிப்படி சரிபார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. நான் நடந்தால் அங்கே அது நடக்கவே நடக்காது என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

விதி சொல்லும் அந்த 'இன்னொருத்தர்' யார்? 2011இல் குழந்தைகள் காப்பகத்துக்குத் தனிக் குறிச்சொல் கேட்டு ஒரு முன்மொழிவு வந்து, வாக்கெடுப்பில் தோற்றது. பாலியல் தொழில் விடுதிக்கும் ஸ்ட்ரிப் கிளப்புக்கும் அதில் குறிச்சொல் உண்டு. மோனிகா ஸ்டீஃபன்ஸ் என்ற ஆய்வாளர் 2013இல் இதைச் சுட்டி எழுதினார். வாக்களித்தவர்களை வில்லன்களாக்க வேண்டியதில்லை. வரைபவர்களில் பெண்கள் மிகக் குறைவு, அவ்வளவுதான். (காப்பகத்துக்கான குறிச்சொல் இன்று சாதாரணமாகப் புழங்குகிறது.)

அந்த வேகத்தில் அடுத்த சனிக்கிழமை யூமேப்பில் தனியாக ஒரு வரைபடம் திறந்தேன். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள் என்றேன். அரைமணி நேரத்தில் திரை சிவந்துவிட்டது. அவர்கள் அத்தனை உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி மட்டும் எதையும் தொடவில்லை. மணி அடித்த பிறகு வந்தாள்.

"அது எங்க சந்து சார். அந்த பைக்குல எங்க அண்ணனும்தான் உக்காந்திருப்பான். செவப்பு போட்டா எங்க வீட்டுக்கு யாரு வருவா?"

இந்த ஊரில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வில் பிளான்ஷ், மேற்கே வில் நுவார் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம். 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர் இன்றும் 'ஒயிட் டவுனா சார்?' என்றுதான் கேட்கிறார்.

புள்ளியை எடுத்துவிடலாமா என்று வகுப்பில் கேட்டேன். "எடுத்தா நான் சொன்னது பொய்யா சார்?" என்றாள் முதலில் கேட்டவள்.

பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளியால் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போவது யார்? அந்த வழியாக டியூஷன் போகும் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். பையன்கள் வரைபடம் பார்த்துத் திருந்தப் போவதில்லை. வாடகைக்கு வீடு தேடுபவரும் சம்பந்தம் பேச வருபவரும்தான் பார்ப்பார்கள். டெல்லியில் 2013இல் தொடங்கிய சேஃப்டிபின் இதே வேலையைச் செய்கிறது. அது திரட்டும் தகவலை நகர நிர்வாகங்களிடம் கொண்டுபோகிறது. எங்கள் புள்ளியைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஆளில்லை. ஒருமுறை பொதுவில் விட்ட தரவை யாரும் நகலெடுக்கலாம், திரும்ப வாங்க முடியாது. திறந்த தரவின் அழகு என்று பத்து வருஷமாக நான் மேடைகளில் சொல்லிவந்தது இதைத்தான்.

வரைபடத்தை வகுப்புக்குள் மட்டும் தெரியும்படி மாற்றினேன். இருவருக்கும் திருப்தியில்லை. எனக்கும்தான். கேட்டவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன் என்றே நினைக்கிறேன்.

கடைசி சனிக்கிழமை அந்த இரண்டு பேரும் சேர்ந்து போய் சந்தின் கம்பங்களை எண்ணினார்கள். பதினொன்று, அதில் ஆறுதான் எரிகிறது. டீக்கடையையும் குறித்தார்கள். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயர் சொன்னது அண்ணன்தானாம்.